எல்லாத்துலயும் இருபத்திநாலு

...அப்படி என்னதான் சொல்லிக் கொடுக்கிறாங்களோ அந்தப் பள்ளிக்கூடத்துல, எனக்கொண்ணும் விளங்கலைங்க. கையைத் தூக்குங்க. இன்னும் கொஞ்சம். ஆங், அப்படியே நில்லுங்க. இறக்கிடாதீங்க, அக்குள் பக்கமா வரிசையா குண்டூசி குத்தி வச்சிருக்கேன், இறக்கினா அது உங்களைத்தான் பதம் பார்க்கும். என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆமா, விகிதம். மூணு வாரமா அதே பாடம். ஒன்பதாவது படிக்கிற பிள்ளைங்களுக்கு மூணு வாரம் அதையே ஊட்டி விட்டுட்டு, கடைசியில என் பொண்ணுக்கு அடிப்படையே சரியில்லைன்னு ஒரு முடிவுக்கு வந்திருக்காங்க கணக்கு டீச்சர். அடடா, என்ன ஒரு கண்டுபிடிப்பு. ஊட்டினது யாராம்?

நீங்க பல் டாக்டர்தானே? பக்கத்து மாடியில புதுசா போர்டு மாட்டியிருக்கே, அதானே? பார்த்தேன், பார்த்தேன். வெள்ளைக் கோட்டு ரெண்டு வேணும்னதும் அப்பவே நினைச்சேன். அப்போ உங்களுக்கு இது பழக்கமாத்தான் இருக்கும். உங்க நாற்காலியில ஒருத்தர் வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருப்பார், நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருப்பீங்க, அவரால பதிலா சொல்ல முடியும்? இன்னைக்கு உங்க முறை, அவ்வளவுதான்.

திரும்புங்க. மெதுவா.

இன்னைக்கு நாலு மணிக்கு லிஸ்ட் ஒட்டுறாங்களாம். ஒன்பதாவதை ரெண்டாப் பிரிக்கிறாங்க. ஒண்ணு உயர் கணக்கு. இன்னொண்ணு சாதாக் கணக்கு. சாதான்னு யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க, அதுக்கு ஏதோ அழகா ஒரு பேர் வச்சிருக்காங்க, ஆனா பிள்ளைங்க எல்லாம் சாதான்னுதான் சொல்லுதுங்க. உயர் கணக்குல போனாத்தான் பின்னாடி பெரிய படிப்புக்கெல்லாம் வழியாம். எம் பொண்ணுக்குப் பாலம் கட்டணுமாம். ஆமாங்க, பாலம். ஆத்துக்கு மேல போடுவாங்களே, அது. ஆறு வயசுலேருந்து அதே பேச்சு. இங்க கீழ உக்காந்து நூல்கண்டை வரிசையா நிறுத்தி மேல ஸ்கேலை வைக்கிறது, அதுமேல கத்திரிக்கோலை ஏத்திப் பார்க்கிறது. சாதாக் கணக்குக்குப் போனா பாலம் போச்சு. ஒரு லிஸ்ட், ஒரு துண்டுப் பேப்பர், அதுல அவ பேரு எந்தப் பக்கம் வருதுங்கறதுல இருக்கு எல்லாம்.

சரி, அப்படி என்னதான் இருக்கு இந்தப் பாடத்துலன்னு நானும் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். சிரிச்சுட்டேன். நாலு தையல்காரங்க ஒரு வேலையை ஆறு நாள்ல முடிக்கிறாங்களாம், எட்டு தையல்காரங்க எத்தனை நாள்ல முடிப்பாங்க? மூணு நாளாம். அதை எழுதினவரு வாழ்க்கையில ஒரு தையல் கடைக்குள்ள காலெடுத்து வச்சிருப்பாராங்க? போன வருஷம் ஒரு ஹோட்டல்காரருக்கு யூனிஃபார்ம் தைச்சோம். நான் ஒருத்தியா தைச்சுக்கிட்டிருந்த வரைக்கும் வேலை ஓடுச்சு. சீக்கிரம் முடியட்டும்னு மூணு பேரைக் கூப்பிட்டேன். ஒருத்தி பேசுவா, ரெண்டு பேர் கேப்பாங்க, நான் அவங்க தைச்சதைப் பிரிப்பேன். நாலு நாள் அதிகமாச்சு. இதுக்கு எதைக் குறுக்கால பெருக்கணும், கேட்டுச் சொல்லுங்க.

அப்புறம் வரைபடம். ஒரு செண்டிமீட்டர்னா அஞ்சு கிலோமீட்டர், நாலு செண்டிமீட்டர்னா எவ்வளவு தூரம்? இருபது. என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுறார், இருபது கிலோமீட்டர் போயிட்டு வர்றதுக்கு ஒரு நாள் ஒரு மணி நேரம், ஒரு நாள் மூணு மணி நேரம். கேட்டா டிராஃபிக்கும்பார். அவர் சட்டையில டீக்கடை வாசனை அடிக்கும். அது எந்த விகிதத்துல வரும்னு அந்தப் புத்தகத்துல போடலை.

ஆனா ஒண்ணு சொல்லணும், துணிக் கணக்கு எனக்கு அத்துப்படி. ரெண்டு மீட்டர்ல சின்னப் பிள்ளைங்க சட்டை மூணு வெட்டலாம்னா, ஆறு மீட்டர்ல எத்தனை? ஒன்பது. கேள்வியை முடிக்கிறதுக்குள்ள சொல்லுவேன். துணி மூணு மடங்கு, சட்டையும் மூணு மடங்கு. இதுக்குப் பேரு விகிதம்னு எனக்கு யாரும் சொன்னதில்ல, அவ்வளவுதான். இருபத்திரெண்டு வருஷமா இந்த மேசையில நின்னு வெட்டுறேன். எங்கிட்ட வந்து அளவு பத்திப் பேசுறாங்க.

தோள் சரியா இருக்கா? இழுக்குதா? இல்லைல்ல. ம்.

பொம்மை விஷயத்துக்கு வர்றேன். அதுலதான் ஆரம்பிச்சது எல்லாம். டீச்சர் ஒரு துணிப் பொம்மை கொண்டு வந்தாங்க வகுப்புக்கு. பன்னெண்டு இஞ்சு உயரம். சட்டை போட்டிருக்கும், அழகா இருக்கும். அதே பொம்மையைப் பெருசா, முப்பத்தாறு இஞ்சு உயரத்துல, மரத்துல செஞ்சு வச்சிருக்காங்க. பள்ளிக்கூடக் கண்காட்சி அன்னைக்கு வாசல்ல நிக்க வைக்கவாம். சின்னப் பொம்மையோட சட்டையை அளந்து, பெரிய பொம்மைக்கு அதே மாதிரி சட்டை என்ன அளவுல வரும்னு பிள்ளைங்க கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சு, தைச்சும் கொண்டு வரணும். வகுப்புல யார் செய்வீங்கன்னு கேட்டதும் எம் பொண்ணு கை தூக்கியிருக்கா. எங்கம்மா தையல்காரங்க, நான் செய்யறேன் மிஸ். எவ்வளவு பெருமையா சொல்லியிருப்பா பாருங்க.

அளவுச் சீட்டு எழுதிக் கொடுத்தா. நான் தைச்சேன். எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டுங்க. சீட்டுல என்ன எழுதியிருக்கோ அதை வெட்டணும். இது இவ்வளவு நீளமா இருக்கே, அது இப்படி அகலமா இருக்கேன்னு வெட்டுறவங்க யோசிக்க ஆரம்பிச்சா ஒரு கடையும் உருப்படாது. ஒருத்தருக்கு ஒரு கை கொஞ்சம் நீளமா இருக்கும், ஒருத்தர் தொப்பையை மறைக்கச் சொல்லியிருப்பார், நமக்கெதுக்கு அதெல்லாம்? சீட்டுல கை நீளம் இருபத்தெட்டு இஞ்சுன்னு இருந்துச்சு, இருபத்தெட்டு வெட்டினேன். கழுத்து இருபத்தொம்பது, வெட்டினேன். சட்டை உயரம் முப்பத்தொண்ணு. மார்பு முப்பத்திமூணு. தைச்சு, இஸ்திரி போட்டு, பொத்தான் வச்சு, கவர்ல போட்டுக் கொடுத்தேன். தையல்ல ஒரு குறை சொல்ல முடியாது. பொத்தான் துளை ஒவ்வொண்ணும் கையால போட்டது.

போட்டாங்களாம் பொம்மைக்கு. மொத்த வகுப்பும் பார்த்துக்கிட்டிருக்கு. தலை வழியா விட்டதும் சட்டை தோள்ல நிக்கவே இல்லை. நேரா தரைக்கு வந்திடுச்சு. கழுத்து அவ்வளவு அகலம், பொம்மை என்ன பண்ணும்? தூக்கிப் பிடிச்சுப் பார்த்தா கை ரெண்டும் தரையில கிடந்து கூட்டுது. மூணடிப் பொம்மைக்கு ரெண்டேகால் அடிக்கு மேல கை. பிள்ளைங்க சிரிச்சிருக்குங்க. சிரிக்கத்தானே செய்யும், எனக்கே இப்ப சொல்றப்போ... சரி விடுங்க. எவனோ ஒருத்தன் சொன்னானாம், இது பொம்மைக்குத் தைச்சதா, பொம்மையை மூடி வைக்கத் தைச்சதான்னு. எம் பொண்ணு சட்டையை மடிச்சு கவர்ல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா.

வீட்டுக்கு வந்து எங்கிட்ட இதைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. டீச்சர்தான் ஆள் அனுப்பினாங்க, வந்து பாருங்கன்னு.

போனேன். விடுவேனா? கடையைப் பூட்டிட்டு இன்ச் டேப் கழுத்துல தொங்கத் தொங்க அப்படியே போனேன். டீச்சர் ரூம்ல ஒரு சின்ன மேசை, மூணு நாற்காலி, அதுல ஒண்ணுல எம் பொண்ணு, ஜன்னல் ஓரமா அந்தப் பெரிய பொம்மை, சட்டையில்லாம நிக்குது. டீச்சர் சீட்டை எடுத்துக் காட்டினாங்க. இங்க பாருங்கம்மா, சின்னப் பொம்மையோட கை நாலு இஞ்சு. உயரம் பன்னெண்டு முப்பத்தாறானா மூணு மடங்கு. அப்போ கையும் மூணு மடங்கு, பன்னெண்டு இஞ்சு வரணும். கழுத்து அஞ்சு, பதினஞ்சா வரணும். சட்டை உயரம் ஏழு, இருபத்தொண்ணா வரணும். இவ எல்லாத்துலயும் இருபத்திநாலைக் கூட்டி வச்சிருக்கா. பொம்மை இருபத்திநாலு இஞ்சு வளர்ந்திருக்கு, அதனால கையும் இருபத்திநாலு வளரணும், கழுத்தும் இருபத்திநாலு வளரணும்னு நினைச்சிருக்கா. இது விகிதமே இல்லைம்மான்னு சொன்னாங்க.

ரொம்பப் பொறுமையாத்தான் சொன்னாங்க, அது வேற எரிச்சல் எனக்கு. கத்துறவங்களைச் சமாளிச்சிடலாம். நான் பத்து நிமிஷம் விடாம பேசினேன். மூணு வாரம் என்ன கிழிச்சீங்க, கூட்டுறதுக்கும் பெருக்குறதுக்கும் வித்தியாசம் தெரியாம ஒன்பதாவது வரைக்கும் பிள்ளையைத் தள்ளி விட்டிருக்கீங்களே, எந்த முட்டாள் இவளுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்ததுன்னு கேட்டேன். அந்த வார்த்தையைச் சொல்லித்தான் கேட்டேன். மேசையைத் தட்டிக் கேட்டேன்.

டீச்சரும் அதையேதான் திருப்பிக் கேட்டாங்க, எம் பொண்ணைப் பார்த்து. யார்ம்மா உனக்கு இப்படிச் சொன்னது? வெளியில யாராவது சொல்லிக் கொடுத்ததுன்னா பரவாயில்ல, ஒரு வாரத்துல திருத்திடலாம். நீயா யோசிச்சு இப்படித்தான் வரும்னு முடிவு பண்ணியிருந்தா, அடியிலேருந்து ஆரம்பிக்கணும். உயர் கணக்குல உன்னைப் போட முடியாது, நீ தடுமாறிப் போயிடுவே. நல்லா யோசிச்சுச் சொல்லு.

எம் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருந்தா. அப்புறம் சொன்னா: "யாரும் சொல்லலை மிஸ். நானாத்தான் போட்டேன்."

அவ்வளவுதான். முடிஞ்சுது. லிஸ்ட் இன்னைக்கு.

...கையா? மரத்துப் போச்சா? இருங்க, இன்னும் ரெண்டு ஊசி. இந்தப் பக்கம் பாக்கெட் வேணும்னீங்களே, உள்பக்கம் ஒண்ணு வைக்கட்டுமா? வெளிய ரெண்டு, உள்ள ஒண்ணு. கண்ணாடி, பேனா, அந்த வாய்க்குள்ள விடுற குட்டிக் கண்ணாடி, எல்லாம் வச்சுக்கலாம். பொத்தான் வெள்ளையே போடுறேன். எலும்பு நிறத்துல ஒண்ணு வந்திருக்கு, நல்லாத்தான் இருக்கு, ஆனா பல் டாக்டர் கோட்டுல மஞ்சளா எதையும் வைக்காம இருக்கிறது நல்லது.

என்ன கேட்டீங்க?

இல்ல, நீங்க கேட்டது காதுல விழுந்துச்சு.

யார் சொல்லிக் கொடுத்ததுன்னா... அதான் அவளே சொல்லிட்டாளே, நானாத்தான்னு. பிள்ளைங்க அப்படித்தானே. எதையாவது யோசிக்கும். எங்க தொழில்ல பாருங்க, முப்பத்தாறு சைஸ் பேட்டர்ன், அதான் துணிமேல வச்சு வெட்டுற அட்டை, கையில இருக்குன்னு வைங்க. முப்பத்தெட்டு வேணும்னா என்ன பண்ணுவோம்? மார்புல ரெண்டு இஞ்சு கூட்டுவோம், தோள்ல கொஞ்சம், உயரத்துல அரை இஞ்சு. கூட்டுறதுதான். யாரும் உக்காந்து பெருக்க மாட்டோம். இருபத்திரெண்டு வருஷமா கூட்டித்தான் தைக்கிறேன், ஒருத்தர் சட்டையும் தரையில விழுந்ததில்ல. ஒரு இஞ்சு, ரெண்டு இஞ்சு ஏத்துறப்போ கூட்டினாலும் ஒண்ணும் தெரியாது. மூணு மடங்கு ஏத்துறப்போதான்...

ம்.

துணிக்குப் பெருக்கினேன், பாருங்க. ரெண்டு மீட்டர் ஆறு மீட்டர்னதும் டக்குனு ஒன்பதுன்னேன். உடம்புன்னா மட்டும் கூட்டுறேன். ஒரே மண்டைதான். அந்தப் பக்கம் ஒரு கணக்கு, இந்தப் பக்கம் ஒரு கணக்கு.

நீங்க அப்படிப் பார்க்காதீங்க.

சரி, சொல்லிடறேன். அவ அளவெல்லாம் முதல்ல நோட்டுலதான் போட்டா. இங்கதான், இந்த ஸ்டூல்ல உக்காந்து, பள்ளிக்கூடம் விட்டு வந்து. நான் மெஷின்ல இருந்தேன். போட்டு முடிச்சுட்டு, அம்மா இதைப் பாரேன்னு நீட்டினா. பார்த்தேன். கை பன்னெண்டு. கழுத்து பதினஞ்சு. உயரம் இருபத்தொண்ணு. பக்கத்துல கோடு போட்டு, பன்னெண்டுக்கு முப்பத்தாறுன்னா நாலுக்கு எவ்வளவுன்னு குறுக்கால பெருக்கி, அம்புக்குறியெல்லாம் போட்டு அழகா எழுதியிருந்தா. மூணு வாரம் டீச்சர் சொன்னது ஒழுங்கா மண்டையில ஏறியிருந்துச்சு. எனக்குத்தான் எதுவும் ஏறலை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஏண்டி, பொம்மை இருபத்திநாலு இஞ்சு வளர்ந்திருக்குங்கறே, கை மட்டும் எட்டுத்தான் வளருமா? கையை வெட்டிட்டாங்களா அதுக்கு? தையல்காரி பொண்ணா இருந்துக்கிட்டு அளவுல கோட்டை விடுறியேன்னு, இந்த நீலப் பென்சிலை எடுத்து எல்லாத்தையும் அடிச்சேன். ஒவ்வொண்ணா அடிச்சு, பக்கத்துல எழுதிக் கொடுத்தேன். எல்லாத்துலயும் இருபத்திநாலு கூட்டிக்கோ. அவ சொன்னா, மிஸ் இப்படிச் சொல்லலையேம்மான்னு. ரெண்டு தடவை சொன்னா. உங்க மிஸ் எத்தனை சட்டை தைச்சிருக்காங்கன்னு கேட்டேன். அவ சீட்டை எடுத்து, நான் சொன்ன மாதிரியே எழுதிக் கொடுத்துட்டா. வெட்டுறப்போகூடக் கை நீளமா இருக்கேன்னு ஒரு நிமிஷம் தோணுச்சுங்க. சீட்டுல இருக்கு, அதுபாட்டுக்கு இருக்கட்டும்னு வெட்டிட்டேன். அந்தச் சீட்டே நான் சொல்லி எழுதினது.

அன்னைக்கு அந்த ரூம்ல அவ என்னைக் கைகாட்டியிருக்கலாம். நான் அந்தப் பக்கத்து நாற்காலியிலதானே இருந்தேன். எந்த முட்டாள்னு நான் கத்திட்டு இருக்கறப்போ, அம்மாதான் மிஸ்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவ பேரு உயர் கணக்குல இருக்கும். சொல்லலை. என் மானத்தைக் காப்பாத்தினா. நான் என்ன பண்ணேன்? வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். அது மட்டுமில்லைங்க, திரும்பி வர்ற வழியில அவளைத் திட்டினேன். அறிவிருக்கா உனக்கு, இப்படியா மானத்தை வாங்குறதுன்னு. நிஜமாவே திட்டினேன். டீச்சர் முன்னாடி ஆரம்பிச்ச கோபத்தை நிறுத்தத் தெரியலை எனக்கு.  அன்னையிலேருந்து அவ என்கூடப் பேசறதில்ல. சாப்பிடுறியான்னு கேட்டா தலையாட்டுறா. அஞ்சு நாளாச்சு.

வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லலைங்க நான். டீச்சர் சரியில்லைன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். நேத்து வந்த ரெண்டு பேர்கிட்டயும் அதேதான் சொன்னேன். முந்தாநாள் பொத்தான் தைக்க வந்தவங்ககிட்டயும். உங்ககிட்டயும் அதே கதையைத்தான் ஆரம்பிச்சேன். நீங்க ஒருத்தர்தான் யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேட்டீங்க.

நோட்டு? இங்கதான் இருக்கு. இந்த டிராயர்ல, பட்டன் டப்பாவுக்கு அடியில. அவதான் கொண்டு வந்து ஒளிச்சு வச்சிருக்கா. டீச்சர் கண்ணுல பட்டா என் கையெழுத்தைக் கண்டுபிடிச்சிடுவாங்கன்னு. காலையில நூல் தேடினப்போ கிடைச்சுது. திறந்து பார்த்தேன். நான் அடிச்சதுக்கு அடியில அவ எழுதினது அப்படியே தெரியுது. பன்னெண்டு. பதினஞ்சு. இருபத்தொண்ணு.

மணி என்ன? உங்க வாட்சைத் திருப்புங்க. மூணு நாப்பதா?

இருங்க, இந்தச் செருப்பு எங்க... நீங்க அப்படியே நில்லுங்க. இல்லைன்னா மெதுவா உக்காருங்க, ஆனா முதுகைச் சாய்ச்சுடாதீங்க, பின்னாடியும் ஊசி இருக்கு. யாராவது வந்தா கடைக்காரி பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க. எதுக்குன்னு கேட்டா நடந்ததைச் சொல்லிடுங்க, பரவாயில்ல. லிஸ்ட் ஒட்டுறதுக்குள்ள இந்த நோட்டை டீச்சர் மேசையில வச்சு, பிள்ளை சரியாத்தான் போட்டிருந்தா, இந்த நீலக் கோடெல்லாம் நான் போட்டதுன்னு சொல்லணும். அவ எதிர்லயே சொல்லணும். நடந்து போனா இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும், அது பத்தாது. ஓடறேன்.